கூரைக்குத் தைத்த போர்வை

ஆறு வருஷம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவளுக்குக் கையால் ஊசி பிடிக்கத் தெரியாது என்பது அந்த ஏப்ரல் மாதம்தான் எனக்குத் தெரிந்தது. கம்பெனியில் ஒரு நாளைக்கு எண்ணூறு பனியனுக்குத் தோள் மூட்டுவேன். வீட்டில் பாயில் இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டு ஒரு முழம் தையல் போட அரை மணி நேரம் ஆனது. அதற்குள் இரண்டு தரம் விரலைக் குத்திக்கொண்டேன். பக்கத்து அறை ஆஷா எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது தையலா, கோழி கிளறுனதா?" என்று கேட்டாள். போடி வேலையைப் பார்த்துக்கொண்டு என்று விரட்டினேன்.

இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னது டாக்டரம்மா. எனக்கு இதற்கு முன் இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. முதலாவது ஐந்தாம் மாதம். இரண்டாவது ஆறாம் மாதம், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் மாமியார் ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா என்று பஸ் ஏறிப் போனபோது. மதுரை தாண்டியதும் வலி எடுத்தது. சாத்தூர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாவது உண்டானதும் டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். கர்ப்பப்பை வாய் பலமில்லை, பாரம் ஏற ஏறத் திறந்துகொள்கிறது என்று சொல்லி நாலாம் மாதமே அதில் ஒரு தையல் போட்டுவிட்டார். ஒன்பதாம் மாதம் நானே பிரித்துவிடுகிறேன், அதுவரை படுத்தே இரு, பஸ்ஸும் வேனும் படிக்கட்டும் கூடாது என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். உடம்பில் தண்ணீர் வற்றினால் வயிறு இறுகும், இறுகினால் தையல் தாங்காது, அதனால் சூட்டில் கிடக்காதே.

சொல்வது சுலபம். நாங்கள் குடியிருந்தது திருப்பூர் நெருப்பெரிச்சலில், வரிசையாக எட்டு அறைகள் உள்ள லைன் வீட்டில் நாலாவது அறை. பத்தடிக்குப் பத்தடி. கூரை தகர ஷீட். ஊருக்குப் பேர் வைத்தவன் மே மாதத்தில் எங்கள் அறையில் ஒரு மத்தியானம் படுத்து எழுந்திருக்க வேண்டும். அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். மழை ஏமாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குழாயில் பத்து நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வந்தால் அன்றைக்குப் பொங்கல். பதினோரு மணிக்கு மேல் தகரம் டக், டக்கென்று விரிகிற சத்தம் கேட்கும். எவர்சில்வர் குடத்தைத் தொட முடியாது. டேபிள் ஃபேன் அனல் காற்றை வாரி என் முகத்தில் இறைத்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டு அடித்தால் என் வயிறு கல்லாகிவிடும். விடும், இறுகும், விடும். நான் கைவைத்து எண்ணிக்கொண்டே கிடப்பேன். நாலு மணிக்குத்தான் உயிர் வரும்.

கூரைமேல் ஈரச் சாக்குப் போடலாம் என்றால் குடிக்கவே தண்ணீர் இல்லை. தென்னங்கீற்று வேயலாமா என்று வீட்டுக்கார அம்மா தெய்வாத்தாளிடம் கேட்டோம். "ஓலை மட்டும் வேண்டாங்கண்ணு. முந்தின வருசம் தீவாளி ராக்கெட்டு உழுந்து பக்கத்து லைனே எரிஞ்சு போச்சு. உள்ளுக்குள்ள என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க, சீட்டுல மட்டும் ஓட்டை போட்டராதீங்க" என்றார். கான்கிரீட் வீடாகப் பார்த்துப் போக நாங்கள் என்ன எக்ஸ்போர்ட் முதலாளியா?

உள்ளுக்குள்ளே என்று அவர் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து அயர்ன் மாஸ்டர். கம்பெனியில் அயர்ன் போடுகிற மேஜைமேல் பழைய பனியன் துணியை அடுக்கடுக்காகப் போட்டு மெத்தைபோல் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மேலே பெட்டி கொதிக்கும். மேஜைக்கு அடியில் கையை வைத்தால் ஒன்றும் தெரியாது. மேஜைக்கு இறங்காத சூடு எனக்கு மட்டும் ஏன் இறங்க வேண்டும்?

மானேஜரிடம் கேட்டு, இரண்டு மூட்டை கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் சட்டையில் கழுத்துக்காக வெட்டியெடுத்த அரை வட்டத் துண்டுகள், கை வெட்டியது போக மிஞ்சிய மூலைகள். கருநீலம், சிவப்பு, கிளிப்பச்சை, சாம்பல். துண்டுகளை ஒன்றோடொன்று மூட்டி இரண்டு பெரிய விரிப்பு, நடுவில் ஓவர்லாக் மெஷின் ஓரம் வெட்டித் தள்ளுகிற துணி நூலைப் பரப்பி, கூரைக்கு அடியில் கட்டக் கெட்டியான போர்வையாகத் தைப்பது என்று யோசனை. காலால் மிதிக்கிற மெஷினைத் தொடவே கூடாது என்பதால் எல்லாம் கைத்தையல். விடிந்ததும் ஆரம்பிப்பேன். மூன்று வாரத்தில் கோழி கிளறியது போய், பார்க்கக்கூடிய தையலாக ஆனது.

மே நாலாம் தேதி, கத்திரி ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை, மாமியார் செல்லத்தாய் ஒரு பை கருப்பட்டியோடு வந்து இறங்கினார். வாசலிலேயே நின்று என் மடியில் கிடந்ததைப் பார்த்தார். பை கீழே விழுந்தது.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணுத? வயித்துப் பிள்ளைக்கு இப்பவே துணி தைக்கலாமா? முகம் பாக்காத பிள்ளைக்கு ஒரு நூலு சேக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"இது பிள்ளைக்கு இல்ல அத்த. கூரைக்கு."

"கூரைக்குப் போர்வையா? கூரைக்குக் குளிருதாக்கும்."

அவர் வந்த காரியம் வேறு. அந்த மாதம் இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை ஊரில் கொடை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்து கிடக்கிற ஊர்ச்சனம் எல்லாம் சேர்ந்து வேன் பிடித்திருந்தது. பதினெட்டாம் தேதி ஞாயிறு சாயங்காலம் கிளம்புகிறது. பின்சீட்டில் மெத்தை விரித்து என்னைப் படுக்கவைத்துக் கூட்டிப் போவது அவர் திட்டம். எனக்கு அம்மா இல்லை, அதனால் பேறுகாலம் அவர் வீட்டில்தான். ஓட்டு வீடு, வேப்ப மரத்து நிழல், கிணற்றுத் தண்ணீர் என்று அடுக்கினார்.

"டாக்டரம்மா வண்டியே ஏறக் கூடாதுன்னாங்க" என்றேன்.

"அவுகளுக்கு என்ன, ஏசியில இருக்காக. இந்த அடுப்புக்குள்ள வந்து ஒரு நா கெடக்கச் சொல்லு."

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் எங்கள் டேபிள் ஃபேன் மாதிரி. அம்மா பக்கம் ஒரு தரம் தலையாட்டுவார், என் பக்கம் ஒரு தரம் தலையாட்டுவார். இரண்டு பக்கமும் சூடாகத்தான் இருக்கும். எனக்கு வந்த கோபத்தில், வேனில் ஏற்றுவதென்றால் என்னைக் கட்டித் தூக்கித்தான் ஏற்ற வேண்டும் என்றேன். மாமியார் வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"சரி. பதினெட்டாம் தேதி மத்தியானம் இந்த ரூமுக்குள்ள ஒரு மனுசி படுக்க முடிஞ்சிச்சுன்னா நான் வாயத் தொறக்கல. முடியலைன்னா வேன்ல ஏறணும். பேச்சு மாறக் கூடாது."

ஒத்துக்கொண்டேன். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை, தைக்கத்தான் இருந்தது.

பதினோராம் தேதி, அடுத்த ஞாயிறு, போர்வை முடிந்தது. என் வீட்டுக்காரரும் ஆஷாவின் புருஷனும் நாலு மூலையிலும் ஓரங்களிலும் கயிறு கோத்து, கூரையைத் தாங்குகிற இரும்புச் சட்டங்களில் இழுத்துக் கட்டினார்கள். தகரம் மறைந்துபோய் மேலே ஒரே வண்ணமாக இருந்தது. அன்று மத்தியானம் என் வயிறு இரண்டு தரம்தான் இறுகியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன். அவர் பார்க்காததுபோல் கருப்பட்டி உடைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் நடுவில் ஒரு சாண் இறங்கியிருந்தது. சாயங்காலம் இரண்டு சாண். செவ்வாய்க்கிழமை காப்பி போட எழுந்த மாமியாரின் கொண்டையில் போர்வை இடித்தது. உள்ளே பரப்பிய நூல் எல்லாம் நடுவில் சரிந்து வந்து தொங்கியது. ஓரமெல்லாம் வெறும் துணியாகி, பழையபடி அனல் இறங்கியது.

"இதுக்கும் உன்ன மாதிரியே வயிறு வச்சிருச்சு" என்றார் அத்தை.

சிரிப்பு வர வேண்டிய பேச்சு. எனக்கு அழுகைதான் வந்தது. பனியன் துணி நீளும். தொங்கவிட்டால் தன் பாரத்துக்கே நீளும். இது கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற புதுப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். "இத்தன வருசம் அந்தத் துணிலதான கெடந்த, மறந்துட்டியா பிள்ள?" என்று இவர் கேட்டார். அறைய வேண்டும்போல் இருந்தது, அவரையல்ல, என்னை. தினமும் துணியோடு புழங்கிப் புழங்கி, அது எப்படிப்பட்ட துணி என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மெஷினுக்குத் தெரிந்தால் போதும் என்று கை விட்டுவிட்டது.

காப்பி ஆறிப்போகும் வரை அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு கிடந்தேன். பனியனின் தோள் மட்டும் ஏன் இப்படித் தொங்குவதில்லை? தோள் மூட்டும்போது துணியோடு சேர்த்து ஒரு மெல்லிய டேப் வைத்துத் தைப்போம். அது நீளாது, துணியையும் நீளவிடாது. அது இல்லாவிட்டால் நாலு துவைப்பில் தோள் முழங்கைக்கு வந்துவிடும். அந்த டேப்பை ஒரு நாளைக்கு எண்ணூறு தரம் வைத்துத் தைத்த முட்டாள் நான்.

"அவுத்துருங்க" என்றேன் அவரிடம். "சாயங்காலம் கம்பெனில இருந்து டேப் ரோல் அஞ்சாறு வாங்கிட்டு வாங்க."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமா?"

"முடியும்."

முடியுமா என்று எனக்கே தெரியாது. செவ்வாய் சாயங்காலம் தொடங்கினேன். சரிந்த நூலைக் கையால் தள்ளித் தள்ளிச் சமமாகப் பரப்பி, நீளவாக்கில் முழத்துக்கு ஒரு டேப், குறுக்குவாக்கில் முழத்துக்கு ஒரு டேப். கட்டம் கட்டமாக அடைத்துவிட்டால் உள்ளே இருப்பது ஓட முடியாது, டேப் இருப்பதால் துணியும் இறங்க முடியாது. புதன்கிழமை முழுக்கத் தைத்தும் நாலில் ஒரு பங்குதான் முடிந்தது. விரல் நுனியில் தோல் உரிந்து, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். மாமியார் சோறு வைத்தார், தண்ணீர் வைத்தார், ஊசியை மட்டும் தொடவில்லை.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வயிறு இறுகியது, விடவில்லை. இடுப்பிலிருந்து தொடைக்கு வலி இறங்கியது. எனக்குத் தெரிந்த வலி அது. ஊசி துணியில் குத்தியபடி நின்றது. பயம் என்றால் அன்றைக்கு வந்ததுதான் பயம். தையல் பிரிகிறதோ, இதோ பிரிந்துவிட்டதோ என்று காலை ஒடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அத்தை ஓடிவந்து உப்பும் சீனியும் கலக்கிய தண்ணீரை டம்ளர் டம்ளராகக் குடிக்கவைத்தார். ஈரத் துண்டால் வயிற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வயிறு இளகியது.

"இந்த அடுப்பு வேண்டாம் தாயி. ஊருக்குப் போயிருவோம்" என்றார்.

தாயி என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். அதட்டினால் எதிர்த்துப் பேசிவிடலாம். இப்படிக் கேட்டால் என்ன செய்வது? சரி என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது.

"இதே வலி வேன்ல வந்தா, அத்த?"

அவர் துண்டைப் பிழிந்தார். பிழிந்து தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தார். பிறகு எழுந்து, துணியில் குத்தி நின்ற ஊசியை உருவினார்.

"நீ கையக் கால ஆட்டாமப் படு. டேப்ப எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லு."

"பிள்ளைத்தாச்சி வீட்டுல ஊசி எடுக்கலாமா?"

"கூரைக்குத்தான தைக்கேன். வாய மூடு. வேன்ல மாத்தமில்ல, அது வேற பேச்சு."

ஊரில் கடலை மூட்டைக்கு வாய் தைத்த கை அது. ஒவ்வொரு தையலும் அரை விரல் நீளம். இழுத்துப் போட்டால் அறுக்கத்தான் முடியும், பிரிக்க முடியாது. என் தையலைப் பார்த்து, "இது என்ன, எறும்பு போன தடமா?" என்று கேட்டார். அவர் ஒரு ஓரத்திலிருந்தும் நான் படுத்தபடியே இன்னொரு ஓரத்திலிருந்தும் தைத்து வந்தோம். வெள்ளி, சனி இரண்டு நாளும் இறுகினால் நான் நிறுத்துவேன். அவர் நிறுத்தவே மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் ஏற்றிக் கட்டினார்கள். கட்டம் போட்ட கூரை இறுக்கமாக நின்றது. தெய்வாத்தாள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, பாக்கறதுக்குக் கல்யாண மண்டபமாட்ட இருக்குதுங்க" என்று அத்தையிடம் சொல்லிப் போனார்.

பதினோரு மணிக்குத் தகரம் டக் என்றது. சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. பன்னிரண்டு. ஒன்று. குளுகுளுவென்று ஒன்றும் ஆகிவிடவில்லை, பொய் சொல்லக் கூடாது. அடுப்புக்குள்ளிருந்து அடுப்படிக்கு வந்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். குடத்தைத் தொட்டுப் பார்த்தேன், தொட முடிந்தது. அத்தை மற்ற நாளெல்லாம் அந்த நேரத்தில் தெருமுனைப் புங்க மரத்தடிக்குப் போய்விடுவார். அன்று கதவைச் சாத்தி, எனக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் முந்தானையை விரித்துப் படுத்தார். வாயே திறக்கவில்லை. நான் வயிற்றில் கைவைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். ஒரு இறுக்கம். வெகுநேரம் கழித்து லேசாக இன்னொன்று. அதற்குப் பிறகு உள்ளே பிள்ளை காலைத்தான் நீட்டி மடக்கியது. இதைச் சொல்லலாம் என்று திரும்பினால், அவர் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. அத்தை பதறி எழுந்தார். வேர்வை இருக்கிறதா என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். கொண்டையை முடிந்துகொண்டு வெளியே போனார். அவர் பேசுவது எனக்குப் படுக்கையிலேயே கேட்டது.

"பின்சீட்ட வேற ஆளுக்குக் குடுங்க. நாங்க வரல."

"நீங்களுமா வரல? கொடைக்கா?" வேனுக்குள்ளிருந்து யாரோ கேட்டார்கள்.

"ஆமா. அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீங்க போங்க."

வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஒரு கொடைகூட விட்டதில்லை அவர். வேன் போகிற சத்தம் அடங்கியும் வெகுநேரம் உள்ளே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார். "ராவுக்கு என்ன, கஞ்சியா, இட்லி வாங்கியாரச் சொல்லவா?" என்று மட்டும் கேட்டார்.

கத்திரி முடிந்தது, வெயில் முடியவில்லை. ஜூன் பதினெட்டாம் தேதி டாக்டரம்மா வயிற்றுக்குள் போட்ட தையலைப் பிரித்தார். நாலாம் நாள் வலி வந்தது. அந்த வலிக்கு நான் பயப்படவில்லை. காலை பத்தே காலுக்குப் பெண் பிள்ளை. இரண்டே முக்கால் கிலோ. லைன் வீடு வரைக்கும் கேட்டிருக்கும், அப்படி ஒரு தொண்டை.

வார்டுக்கு மாற்றிய பிறகு நர்ஸ் ஒருவர் பெரிய நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டு எழுதினார்.

"இது எத்தனாவது கொழந்தைங்க?"

"மொதப் பிள்ள மேடம்" என்றார் என் வீட்டுக்காரர். பிள்ளையைப் பார்த்த வாய் இன்னும் மூடவில்லை அவருக்கு.

போய்ச் சேர்ந்த இரண்டைப் பற்றியும் எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. அத்தை எனக்கு ஆறுதலாகவும் சொன்னதில்லை, குத்திக்காட்டியதும் இல்லை. அப்படி இரண்டு இருந்ததே இல்லை என்பதுபோல் என்னைச் சுற்றி எல்லோரும் நடந்துகொண்டார்கள். நானும் பழகிவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

அத்தை கட்டிலின் மறுபக்கத்திலிருந்து எழுந்து வந்தார். நர்ஸின் நோட்டுமேல் விரலை வைத்தார்.

"மூணாவது" என்றார். "என் மருமவளுக்கு இது மூணாவது பிள்ள. அப்படியே எழுதுங்க."